வெறுங்கையோடு வரலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அவளுடைய வகுப்புத் தோழிகள் எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்திருந்தோம். அழைப்புப் போன அன்று மாலையிலிருந்தே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. அழைத்த பெற்றோர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பாப்பாவுக்கு என்னங்க வாங்கட்டும்? அவளுக்கு என்ன பிடிக்கும்?" நாங்களும் எல்லோருக்கும் ஒரே விடையைத்தான் சொன்னோம். "அதெல்லாம் ஒன்றும் வேண்டாங்க, பிள்ளை வந்தால் போதும்."

ஏழு பிள்ளைகள் வந்தார்கள், ஏழு பொட்டலங்களோடு. வராத ஒருத்தி எங்கள் மகளுக்கு மிகவும் நெருங்கிய தோழி. கேக் வெட்டும் வரையிலும் மகளின் கண் வாசற்கதவை விட்டு அகலவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தோம். இரண்டு மாதம் கழித்துப் பள்ளி வாசலில் அவளுடைய தாயாரைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துபவர் அவர். "ஒண்ணும் வேண்டாம்னு நீங்க சொல்லிட்டீங்க. ஆனா மத்தவங்க எல்லாம் கொண்டுவருவாங்கன்னு எனக்குத் தெரியும். என்ன கொண்டுவந்தா சரியா இருக்கும்னு தெரியல. வெறுங்கையோட எப்படிங்க பிள்ளைய அனுப்புறது?" என்றார். சொல்லும்போது அவர்தான் கூச்சப்பட்டார். கூச்சப்பட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துச் சொன்ன ஒரு சொல், கேட்டவருக்கு வழி எதையும் காட்டாத சொல்லாக இருந்திருக்கிறது. "என்ன வாங்கலாம்?" என்ற அந்தச் சிறிய கேள்விக்கு நேர்மையான விடை எது என்று அதன் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினோம். யோசிக்க யோசிக்க, இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு உண்டு என்பது புலப்பட்டது. அதைத்தான் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

*

எங்கள் பாட்டிமார் இந்தக் கேள்வியை எவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களிடமும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். குழந்தைக்குத் தொட்டில் இட்டால் இன்னார் இன்னது கொண்டுவர வேண்டும், காது குத்தினால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அவன் சீர்த்தட்டில் இன்னின்னவை இருக்க வேண்டும் என்பதெல்லாம் முறையாக வகுக்கப்பட்டிருந்தன. வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு, பட்டுத்துணி என்று பட்டியல் ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் மாறலாம். ஆனால் ஒரே ஊரில், ஒரே உறவுக்குள், எதைக் கொடுப்பது என்ற ஐயம் எழ இடமில்லை. உறவின் பெயரே பரிசின் பெயரையும் சொல்லிவிடும்.

உறவுக்கு அப்பாற்பட்டவர்களுக்கு மொய் இருந்தது. யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் எழுதப்பட்டது. அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைவிடக் குறையாமல் திருப்பி வைப்பது கடன். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில ஊர்களில் இது மொய் விருந்து என்றே தனியொரு நிகழ்ச்சியாக வளர்ந்திருக்கிறது. விசேஷம் எதுவும் இல்லாமலேயே விருந்து வைத்து, வர வேண்டிய மொய்யை வாங்கி, அதை முதலாகப் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் அங்கே உண்டு. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் கொடை பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை 1925இல் வெளியிட்டார். கொடுத்தே ஆக வேண்டும், பெற்றே ஆக வேண்டும், திருப்பியே ஆக வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களின் மேல் கொடை என்னும் வழக்கம் நிற்கிறது என்று அதில் அவர் வாதிட்டார். எங்கள் ஊர் மொய் நோட்டைப் பார்த்திருந்தால் அவர் தம் வாதத்துக்கு இன்னோர் அத்தியாயம் சேர்த்திருக்கக் கூடும்.

இந்த முறைகளில் கடுமை உண்டு. சீர் குறைந்ததற்காக ஆண்டுக்கணக்கில் பேசாமலிருந்த குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன கொடுப்பது என்று தெரியாமல் ஒருவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும் நிலை அங்கே இல்லை. பதினொரு ரூபாய் வைத்தவர் பெயரும் அதே நோட்டில்தான் ஏறியது.

விளையாட்டுப் பொருள் இந்த முறைகளுக்கு வெளியே, இன்னும் எளிமையாக இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. தச்சன் செய்து தந்த சிறிய வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று உவமையாக்குகிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு இளையவன் என்பதைக் காட்ட, அவன் சிறுபிள்ளையாக இருந்தபோது அணிந்த தாலியைக்கூட இன்னும் களையவில்லை என்கிறார் இடைக்குன்றூர் கிழார். குழந்தைக்குக் காவலாகக் கட்டும் ஐம்படைத்தாலிதான் அது. தேர், வண்டி, தாலி எல்லாம் இருக்கின்றன. பிறந்தநாளுக்கு என்று எவரும் இவற்றைக் கொண்டுவந்ததாக இந்தப் பாடல்கள் சொல்லவில்லை.

*

அப்படியானால் பிறந்தநாளே நம்மிடம் இல்லையா? இருந்தது. ஆனால் அதன் திசை வேறாக இருந்தது.

தொல்காப்பியம் புறத்திணையியலில் பாடாண் துறைகளுள் ஒன்றாக, அரசன் தன் பிறந்தநாளில் சினத்தை விலக்கி இருக்கும் பெருமங்கலம் கூறப்படுகிறது. பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாள்மங்கலம் என்றது. அன்று அரசன் வெண்ணிற உடையும் அணியும் பூணுவதால் வெள்ளணி என்ற பெயரும் வழங்கியது. பகையை மறப்பதும், சிறைப்பட்டோரை விடுவிப்பதும், வந்தவர்க்கு வாரி வழங்குவதும் அந்நாளுக்கு உரியவை. பிறந்தநாள் கொண்டாடுகிறவன் வாங்குகிறவனாக அன்றி வழங்குகிறவனாக இருந்தான் என்பதே இங்கே நாம் கவனிக்க வேண்டியது. முதலாம் ராஜராஜன் ஐப்பசிச் சதயத்தில் பிறந்தவன். தஞ்சையில் ஆண்டுதோறும் நடக்கும் சதய விழா அந்த நாளின் நினைவுதான்.

வடக்கே முகலாயர்களிடமும் இதே திசைதான். அக்பர் காலத்தில் தொடங்கி, பேரரசரின் பிறந்தநாளில் அவரைத் தராசில் நிறுத்தி, எதிர்த்தட்டில் பொன்னும் வெள்ளியும் துணியும் தானியமும் வைத்து, அவற்றைத் தானமாக வழங்குவது வழக்கமாயிற்று. 1615 முதல் 1619 வரை இந்தியாவில் இருந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, ஜஹாங்கீர் இவ்வாறு எடை போடப்பட்டதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பழைய திசை முற்றிலும் அழிந்துவிடவில்லை. நம் பள்ளிகளில் பிறந்தநாள் காணும் பிள்ளை அன்று மட்டும் சீருடையை விட்டு வண்ண உடையில் வருகிறது. தோழன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய் மிட்டாய் கொடுக்கிறது. அன்று ஆசிரியர் அந்தப் பிள்ளையை அடிப்பதோ திட்டுவதோ இல்லை. வெள்ளணியின் நிறம் மாறிவிட்டது. கொடுக்கும் கை மாறவில்லை. மாலையில் அதே பிள்ளை வீட்டுக்குத் திரும்பி, பரிசுப் பொட்டலங்களை எண்ணத் தொடங்கும்போது வேறொரு வரலாற்றுக்குள் நுழைகிறது.

*

அந்த வேறொரு வரலாற்றின் பழைய சுவடுகள் ரோமில் கிடைக்கின்றன. அங்கே பிறந்தநாள் காண்பவருக்கு மற்றவர்கள் பரிசு கொண்டுபோனார்கள். கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் கிளைட்டஸ் என்ற ஒருவனைக் கேலி செய்கிறார். பரிசு வாங்குவதற்காகவே அவன் ஆண்டுக்கு எட்டு முறை பிறக்கிறானாம். பரிசு வரும் திசை மாறியவுடன் அதில் பேராசையும் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அதே மார்ஷியல் சாட்டர்னேலியா என்ற டிசம்பர் மாதத் திருவிழாவில் விருந்தினருக்குக் கொடுக்கத்தக்க பரிசுகளைப் பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட சிறு பாக்களை எழுதித் தனி நூலாகவே தொகுத்தார். எழுதுபலகை, சீப்பு, பகடை, கிளி, தோலில் எழுதிய ஹோமர், அழும் குழந்தைக்கான கிலுகிலுப்பை என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. இன்றைய கடைகளின் பரிசுப் பட்டியலுக்கு இதை முன்னோடி என்று சொன்னால் தவறில்லை. ஆனால் இன்றைய பட்டியல்களில் இல்லாத ஒரு நாகரிகம் அதில் உண்டு. செல்வர் கொடுக்கத்தக்கதும் ஏழை கொடுக்கத்தக்கதும் மாறி மாறி வருமாறு அவர் அதனை அமைத்தார். இதற்கு முந்திய தொகுப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், தம்மைப்போலக் காசில்லாதவர்கள் பரிசுக்குப் பதிலாக இந்தப் பாக்களையே அனுப்பிவிடலாம் என்றும் யோசனை சொல்கிறார். வெறுங்கையோடு வருகிறவரைப் பற்றிய கவலை 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கவிஞருக்கு இருந்திருக்கிறது.

ரோமப் பேரரசின் வடகோடியிலிருந்து இன்னொரு சான்றும் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் விண்டோலண்டா என்ற எல்லைக் கோட்டையின் மண்ணுக்குள்ளிருந்து, மையால் எழுதிய மெல்லிய மரத்தகடுகள் பல வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய கி.பி. 100ஆம் ஆண்டைச் சேர்ந்த பிறந்தநாள் அழைப்பு. ஒரு கோட்டைத் தலைவரின் மனைவியான கிளாடியா செவேரா, இன்னொரு கோட்டைத் தலைவரின் மனைவியான சல்பிசியா லெபிடினாவை, செப்டம்பர் 11ஆம் நாள் வரும் தம் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் இனிதாகும் என்பதுதான் கடிதத்தின் சாரம். தம் கணவரும் சிறுமகனும் வாழ்த்துச் சொல்வதாகவும் குறிப்பிடுகிறார். எழுத்தர் ஒருவர் எழுதிய கடிதத்தின் கடைசி வரிகள் மட்டும் செவேராவின் கையெழுத்தில் உள்ளன. இலத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் அவையும் அடங்கும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு முதலில் மகிழ்ச்சியாகவே இருந்தது. வந்தால் போதும் என்றுதானே அவரும் எழுதியிருக்கிறார்? பிறகுதான் வேறுபாடு உறைத்தது. செவேராவும் லெபிடினாவும் ஒரே தரத்தினர். ஒருவர் கையில் இருப்பது மற்றவர் கையிலும் இருந்தது. நிகரானவர்களுக்கு இடையே வந்தால் போதும் என்பது அன்பு. நிகரில்லாத இடத்தில் அதே சொல், மற்றவர் தானாக ஊகித்துக்கொள்ள வேண்டிய ஒரு புதிராகிவிடுகிறது.

*

குழந்தைகளின் பரிசு தனி வணிகமாக வளர்ந்த கதைக்கு 1744ஐ ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். அந்த ஆண்டு லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி குழந்தைகளுக்காக ஒரு சிறு சட்டைப்பைப் புத்தகம் வெளியிட்டார். புத்தகம் மட்டும் ஆறு பென்ஸ். இன்னும் இரண்டு பென்ஸ் சேர்த்துக் கொடுத்தால் ஆண்பிள்ளைக்கு ஒரு பந்தும் பெண்பிள்ளைக்கு ஊசி குத்தி வைக்கும் ஒரு சிறு பஞ்சணையும் கிடைக்கும். பந்துக்கும் பஞ்சணைக்கும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. பிள்ளை நல்லது செய்தால் சிவப்பிலும் தீயது செய்தால் கறுப்பிலும் ஊசி குத்த வேண்டும். தீபாவளி மலரோடு இணைப்புப் பொருள் வாங்கிப் பழகிய நமக்கு இந்த உத்தி புதிதல்ல. என்றாலும் இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்ற கேள்விக்கு உறவின் இடத்தில் நின்று கடை விடை சொல்லத் தொடங்கியது. அந்த விடை பிள்ளை ஆணா பெண்ணா என்பதை மட்டுமே பார்த்தது.

1924இல் சிகாகோ நகரின் மார்ஷல் ஃபீல்ட் கடை, மணமக்கள் தங்களுக்கு வேண்டிய பொருள்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் அது குழந்தைப்பேற்றுக்கும் பிறந்தநாளுக்கும் பரவியது. இப்போது அயல்நாடுகளில் வாழும் நம்மவர் பலருக்கும் பழகிய முறை இது. வாங்க வேண்டியது எது, விலை என்ன, யார் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் இது நம் சீர்த்தட்டும் மொய் நோட்டும் மறுபிறவி எடுத்து வந்ததுதான். குழப்பம் இல்லை, கொடுக்கிறவருக்கு அங்கே வேலையும் இல்லை. கொடுக்கிறவர் காசு மட்டும் தருகிறார்.

ஆக, கேள்விக்கு மூன்று விடைகள் வரலாற்றில் கிடைக்கின்றன. உறவின் முறை சொல்லும் விடை ஒன்று. கடையின் பட்டியல் சொல்லும் விடை ஒன்று. ஒன்றும் வேண்டாம் என்ற உபசார விடை ஒன்று. நான்காவது விடை ஒன்று உண்டா என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் சமோவாத் தீவில் நடந்த ஒரு நிகழ்ச்சி கண்ணில் பட்டது.

*

'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் கடைசி ஆண்டுகளை சமோவாவில் கழித்தார். அங்கே அமெரிக்க அரசின் நில ஆணையராக வந்திருந்தவர் ஹென்றி கிளே ஐட். அவருடைய மகள் ஆனி, தொலைவில் வெர்மாண்ட் மாநிலத்தில் இருந்தாள். பேச்சுவாக்கில் ஐட் மகளின் குறையொன்றைச் சொன்னார். அவள் பிறந்தது கிறிஸ்துமஸ் நாளில். ஊரே கொண்டாடும் நாளில் தன் பிறந்தநாள் கரைந்துபோய்விடுகிறது, தனக்கென்று ஒரு நாள் இல்லை என்பது அந்தச் சிறுமியின் ஆற்றாமை.

ஸ்டீவன்சன் சட்டம் படித்தவர். 1891 ஜூன் 19ஆம் நாளிட்டு, முறையான சட்ட நடையில், சாட்சிக் கையெழுத்துகளோடு அவர் ஒரு தானப் பத்திரம் எழுதினார். தமக்கு வயதாகிவிட்டது, இனிப் பிறந்தநாளால் தமக்குப் பயனில்லை. ஆகவே நவம்பர் 13 என்ற தம் பிறந்தநாளின் முழு உரிமையையும் ஆனி ஐட் என்ற சிறுமிக்கு மாற்றிக் கொடுப்பதாக அதில் அறிவித்தார். நல்ல உடை உடுத்தவும், விருந்து உண்ணவும், பரிசும் வாழ்த்தும் பெறவும் அவளுக்கு இனி அந்த நாளில் உரிமை உண்டு. அவள் தன் பெயரோடு லூயிசா என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கிடைத்த நாளை மிதமாகவும் கருணையோடும் பயன்படுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். மீறினால் அந்தப் பிறந்தநாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்குப் போய்விடும்!

இதை வெறும் வேடிக்கையாக மட்டும் எங்களால் படிக்க முடியவில்லை. இரண்டு செய்திகள் இதில் உள்ளன. முதலாவது, கொடுத்தவருக்குச் செலவு ஒரு தாளும் கொஞ்சம் மையும்தான். மார்ஷியல் சொன்ன காசில்லாதவரின் பரிசு இதுதான். இரண்டாவது, எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, தந்தை செய்த காரியம். என் மகளுக்கு இன்ன பொம்மை பிடிக்கும் என்று ஐட் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம் மகள் எப்படிப்பட்டவள், அவள் மனத்தில் எது உறுத்துகிறது என்பதை இன்னொருவரிடம் சொன்னார். பொருளைக் கண்டுபிடிக்கும் வேலையும் மகிழ்ச்சியும் கேட்டவருக்கு விடப்பட்டன. கேட்டவர் தம்மிடம் இருந்ததிலிருந்து, தாம் அறிந்த தொழிலைக் கொண்டு, வேறு எவரும் கொடுக்க முடியாத ஒன்றைச் செய்துகொடுத்தார்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் வேறு சில பரிசுகளும் புரியத் தொடங்குகின்றன. 1930 அக்டோபர் 26 அன்று, இந்திய நாட்காட்டிப்படி மகள் இந்திராவுக்குப் பதின்மூன்று வயது நிறைந்தபோது, நேரு அலகாபாத்தை அடுத்த நைனி சிறையில் இருந்தார். கடைக்குப் போக வழியில்லை. சிறைச் சுவர் தடுக்க முடியாத ஒன்றைத்தான் தன்னால் அனுப்ப முடியும் என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதினார். 1933 ஆகஸ்டு வரை தொடர்ந்த அந்த வரிசை 196 கடிதங்களாகி, 1934இல் உலக வரலாறு பற்றிய நூலாக வெளிவந்தது. வெறுங்கையோடு நின்ற ஒரு தந்தையின் பிறந்தநாள் பரிசாகத்தான் அந்தப் பெருநூல் தொடங்கியது.

1942 ஜூன் 12 அன்று ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு சிறுமிக்குப் பதின்மூன்று வயதானது. ஆன் ஃபிராங்குக்கு அன்று கிடைத்த, சிவப்புக் கட்டம் போட்ட அந்தக் குறிப்பேடு அவளே கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. எழுத விரும்பும் பிள்ளை என்பதை அறிந்து, அவள் காட்டியதையே பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். நாலு வாரத்துக்குள் குடும்பம் தலைமறைவாக வேண்டி வந்தது. அந்தக் குறிப்பேடு என்ன ஆயிற்று என்பதை உலகம் அறியும். பரிசு கொடுத்த கைகள் அதை அப்போது அறிந்திருக்க வழியில்லை.

எல்லாப் பரிசும் வரலாற்றில் ஏற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை ஒரு வாரத்தில் கட்டிலுக்கடியில் போய்விடும். அதில் தவறும் இல்லை. நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே. என்ன வாங்கலாம் என்று இன்னொரு பெற்றோர் கேட்கும்போது அவர் உண்மையில் கேட்பது, உங்கள் பிள்ளை யார் என்பதை. நம் பிள்ளையை எங்கோ ஒரு வகுப்பறையில் தம் பிள்ளையின் பேச்சு வழியாக மட்டுமே அறிந்த ஒருவர், அதற்கு மேல் அறிய விரும்புகிறார். உறவுமுறை அவருக்கு எந்த வழியையும் வகுத்துத் தரவில்லை. ஆகவே கேட்கிறார். ஒன்றும் வேண்டாம் என்பது அந்த விருப்பத்தைத் தட்டிக் கழிப்பது. கடைப் பொருளின் பெயரைச் சொல்வது அவருடைய பணப்பையை மட்டும் அழைப்பது.

*

அடுத்த ஆண்டு அதே தாயாரிடமிருந்து அழைப்பு வந்தது. கேள்வியும் அதேதான். இம்முறை நாங்கள் ஆயத்தமாக இருந்தோம்.

"இப்போதெல்லாம் அவளுக்கு விதை பொறுக்குவதுதான் வேலைங்க. குன்றிமணி, மஞ்சாடி, புங்கங்காய், வாகை நெற்று என்று தெருவில் கிடப்பதையெல்லாம் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள். ஒரு சட்டையிலும் பை கிழியாமல் இல்லை" என்றோம்.

மறுமுனையில் அவர் சிரித்தார். அதற்கு முன் அவர் எங்களோடு பேசிச் சிரித்ததில்லை.

பிறந்தநாளன்று முதலில் வந்தவள் அந்தத் தோழிதான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, தோளில் மாட்டிக்கொள்ளும் வாரோடு தைத்த பை. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் வெவ்வேறு நிறத்தில் வாய்மடிப்பு. "எதுல எது இருக்குன்னு நிறம் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். எங்கள் மகள் நன்றிகூடச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் தான் சேர்த்து வைத்திருந்த டப்பாக்களை நோக்கி ஓடிவிட்டாள். கேக் வெட்ட இருவரையும் தேடித்தான் அழைத்துவர வேண்டியிருந்தது.